ஒரு சைஸ் பெரிசு

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிசாகத்தான் வாங்குவார்கள். ஆறாம் வகுப்பில் எனக்கு வாங்கிய ஷூவின் முனையில் அப்பா செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் அந்தக் காகிதத்தை எடுத்தோம், அதற்குள் அடிப்பாகம் தேய்ந்து போயிருந்தது. என் பள்ளிக் கால்சட்டைகளின் மடிப்புக்குள் எப்போதும் நான்கு விரல் துணி ஒளிந்திருக்கும். தையல்காரரிடம் அப்பா சொல்வது எனக்கு மனப்பாடம்: "கொஞ்சம் லூசா இருக்கட்டும். பெறகு பிரிச்சு விட்டுக்கிரலாம்." என் கல்யாணக் கோட்டுக்கும் இதையேதான் சொன்னார். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. நான் இன்னும் வளர்வேன் என்று எந்த நம்பிக்கையில் சொன்னாரோ தெரியவில்லை. அந்தக் கோட்டு இன்றுவரை எனக்கு லூஸ்தான்.

நாற்பத்தாறு வயதில் முதல் கயாக் வாங்கக் கிளம்பியபோது இந்தப் புத்தியும் என்னோடு கூடவே வந்தது. வந்தது போதாதென்று, என் பயத்துக்கு ஒரு நல்ல சட்டையை மாட்டிவிட்டு, அதைச் சிக்கனம், முன்யோசனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தது.

பயத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசுமலையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் நான் கிளார்க். மாற்றுச் சான்றிதழைக் கையெழுத்துக்கு அனுப்புவதற்குமுன் பெயரை நான்கு முறை படிப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட் கிடைத்தால்தான் எனக்கு நிம்மதி. அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் என் மனைவிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. "பூட்டியாச்சு, நான் இழுத்துப் பாத்துட்டேன், வாங்க" என்று என்னை முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

இப்படிப்பட்டவனைத் தண்ணீரில் இறக்கியவன் எங்கள் பள்ளியின் பி.டி. வாத்தியார். செக்கானூரணிக்கு மேற்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். பதினைந்து வருடமாக எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. முழங்கால் வலிக்கு டாக்டர் நீச்சல் பழகச் சொன்னபோது, நாற்பத்திரண்டு வயதில் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அடுத்த வருடமே மண்டபம் பக்கம் கடற்கரையில் கயாக் கற்றுக்கொடுக்கும் ஒரு முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனான். கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் மட்டை வைத்த துடுப்பால் வலதும் இடதுமாகத் தள்ளிப் போகும் ஒல்லிப் படகு அது. பத்து நிமிடத்தில் எனக்குப் பிடித்துப்போனது. படிப்பு அப்பா சொன்னது, வேலை பள்ளி நிர்வாகம் பார்த்துக் கொடுத்தது, கல்யாணம் சர்ச்சில் பெரியவர்கள் பேசி முடித்தது. நானாக ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டது என்று சொன்னால் இது ஒன்றுதான். அதனாலேயே இது கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் கூடுதலாக இருந்தது.

மாதம் ஒருமுறை போனோம். இரண்டு வருடத்தில் ஓரளவு தேறிவிட்டேன். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கொடுப்பது பலகை போலத் தட்டையான படகு. அதன் மேலே உட்கார்ந்தால் போதும். கவிழ்ந்தால் தண்ணீரில் விழுவோம், அதற்குமேல் ஒன்றும் ஆகாது. தேறியவர்களுக்குக் கொடுப்பது உள்ளே உட்காரும் படகு. மூடிய படகின் நடுவில் ஒரு திறப்பு இருக்கும். அதற்குள் காலை நுழைத்து இடுப்பு வரை இறங்கி உட்கார வேண்டும். தண்ணீர் உள்ளே வராமலிருக்க, இடுப்பிலிருந்து அந்தத் திறப்பின் விளிம்பு வரைக்கும் ஒரு ரப்பர் உறையை மாட்டிக்கொள்வார்கள். முகாமில் அதற்குப் பாவாடை என்று பெயர். படகு கவிழ்ந்தால் நாம் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குவோம். பதறாமல் முன்னால் குனிந்து, பாவாடையின் முன்பக்கத்துப் பட்டையை இழுத்துக் கழற்றி, இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, காலை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். மூன்று வினாடி வேலை என்றார் சொல்லிக்கொடுத்தவர்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அந்த மூன்று வினாடியை எனக்குப் பழக்கினார்கள். கவிழ்ந்தேன். கண்ணைத் திறந்தால் பச்சையாக ஒரு கலங்கல். முன்னால் குனிய வேண்டும் என்பது மறந்துவிட்டது. பட்டை முன்னால் இருக்கிறது, நான் இரண்டு பக்கமும் தடவிக்கொண்டிருந்தேன். மூக்கில் தண்ணீர் ஏறியது. முழங்காலை உதறினேன், அது படகின் மூடியில் இடித்தது. பூட்டிய அறைக்குள் இருக்கிறேன், சாவி வெளியே இருக்கிறது என்று தெளிவாக நினைத்தது ஞாபகம் இருக்கிறது. யாரோ படகைப் பிடித்துத் திருப்பினார்கள். எத்தனை நேரம் என்று நண்பனைக் கேட்டேன். "அஞ்சாறு செகண்டு இருக்கும் மாப்ள" என்றான். அந்த ஐந்தாறு வினாடி எனக்கு முடியவே இல்லை.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன். கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று மனைவி கேட்டபோது உப்புத் தண்ணீர் என்றேன். அது பொய்யும் இல்லை. அந்த வாரத்திலேயே குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டு, கதவை வெறுமனே சாத்திக்கொண்டு குளிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் வழக்கமான இடத்தை விட்டு, வாசலுக்குப் பக்கத்து பெஞ்சின் ஓரத்துக்கு மாறினேன். காற்று நன்றாக வருகிறது என்றேன்.

பிறகு முகாமுக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று நண்பன் கேட்டால் என்னிடம் கௌரவமான பதில் ஒன்று இருந்தது: சொந்தப் படகு பார்த்துக்கொண்டிருக்கிறேன். உண்மையாகவே பார்த்தேன். அலுவலகக் கம்ப்யூட்டரில் மதிய இடைவேளைகளில் ஓர் அட்டவணை போட்டேன். நீளம், அகலம், எடை, திறப்பின் அளவு என்று பதினேழு படகுகள். அகலமான படகு ஆடாது, ஆனால் இழுவை அதிகம். ஒல்லியான படகு நேராக ஓடும், ஆனால் புதியவனைக் கவிழ்த்துவிடும். படித்தேன், வீடியோ பார்த்தேன், மறுபடி படித்தேன். படகு பார்த்துக்கொண்டே இருக்கும்வரை படகில் ஏற வேண்டியதில்லை. இந்த வசதியை நான்கு மாதம் அனுபவித்தேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நண்பனின் ஊர்க் கண்மாய் நிரம்பியது. மூன்று வருடத்துக்குப் பிறகு மறுகால் பாய்ந்தது. தை பிறந்ததும் அவன் அலுவலகத்துக்கு வந்து என் மேஜை மேல் உட்கார்ந்தான்.

"மாப்ள, பங்குனி வரைக்கும்தான் தண்ணி நிக்கும். அப்பறம் மடையத் தொறந்துருவாங்க, மீன் குத்தகைக்காரரும் வலையப் போட்டு அரிச்சிருவாரு. நீ அட்டவணை போட்டு முடிக்கிறதுக்குள்ள கண்மாயில கிரிக்கெட்டு வெளாடலாம்."

"நல்லதா ஒண்ணு அமையட்டும்னு பாக்குறேன்."

"பொண்ணா பாக்குற? முகாம்காரரு பழசு ரெண்டக் கொடுக்கப் போறாராம். பேசிட்டேன். ரெண்டையும் அனுப்புறாரு. ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு, ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ணத் திருப்பி அனுப்பு."

இந்தத் தண்ணீரில் ஏறாவிட்டால் அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் நான் ஒரு காலத்தில் கயாக் ஓட்டியவன் ஆகிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஒரு தடவை நிறுத்தினால் நிறுத்தினதுதான்.

படகுகள் கருவாட்டு லாரியில் மாட்டுத்தாவணிக்கு வந்து சேர்ந்தன. சனிக்கிழமை விடியற்காலையில் நானும் நண்பனும் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியைப் பிடித்துக்கொண்டு போய் இறக்கினோம். ஒன்று மஞ்சள், பெரியது. இன்னொன்று சிவப்பு, ஒல்லி. இரண்டிலும் நெத்திலி வாடை. பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மல்லிகைக் கூடையோடு ஒருவர் கிட்டே வந்தார்.

"என்னண்ணே, தெப்பத்துக்குக் கொண்டு போறீகளா?"

"ஆமாண்ணே" என்றான் நண்பன். "சாருக்குத் தனித் தெப்பம்."

"ரெண்டு இருக்கு?"

"ஒண்ணு போக, ஒண்ணு வர."

அவர் சிரிக்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி பைபாஸில் திரும்பும்வரை நான் சிவப்புப் படகின் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடுப்பு அதற்குள் நுழையும், ஆனால் நுழைந்த பிறகு பக்கத்தில் ஒரு விரல் வைக்க இடமிருக்குமா என்பது சந்தேகம்.

கண்மாயில் முதலில் மஞ்சளில் உட்கார்ந்தேன். என்ன ஒரு நிம்மதி. இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். முழங்காலை மடக்கலாம், நீட்டலாம். பாவாடையே தேவையில்லை. நினைத்தால் எழுந்து வெளியே வந்துவிடலாம். இதுதான் என் படகு என்று கரையிலேயே முடிவு செய்துவிட்டேன். ஒரு சுற்றுப் போய் வந்ததும் நண்பன் சிவப்பைக் காட்டினான்.

"இதுல உக்காரு."

"இன்னைக்கு வேணாம். முழங்கால் ஒரு மாதிரியா இருக்கு."

"உன் எடைக்கு இதுதான்னு முகாம்காரரே சொல்லிவிட்டாரு. மஞ்சள் தொண்ணூறு கிலோ ஆளுக்குள்ளது. நீ அறுபத்தி ரெண்டு."

"பெருசா இருந்தா என்ன. பின்னாடி வெயிட்டு போட்டாலும் ஆகும். வேற யாரும் ஓட்டணும்னாலும் ஆகும்."

"வேற யாரு ஓட்டப் போறா?"

நான் மஞ்சளின் திறப்பைச் சாணால் அளந்தேன். அவன் அதைப் பார்த்தான். "நீ படகப் பாக்கல மாப்ள. வெளிய வர்ற வழியத்தான் பாக்குற" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைப் பற்றி மற்றவர்கள் சரியாகச் சொல்லிவிட்டால் எனக்கு வரும் கோபம் அது.

அந்த வாரம் தினமும் காலையில் பள்ளிக்கு முன் ஒரு மணி நேரம் போனேன். மஞ்சள் மட்டும்தான். முதல் இரண்டு நாள் காற்று இல்லை, ராஜாவாக ஓட்டினேன். புதன்கிழமை வாடைக்காற்று எழுந்தது. கண்மாயில் அலை என்று சொல்ல ஒன்றுமில்லை, சின்னச் சின்னச் சுருக்கம்தான். ஆனால் அந்தச் சுருக்கம் படகை லேசாகச் சாய்க்கும்போதெல்லாம் நான் உள்ளே வழுக்கிச் சாய்ந்த பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தேன். இடுப்பும் முழங்காலும் படகோடு ஒட்டியிருந்தால்தான் இடுப்பை அசைத்து அதை நிமிர்த்த முடியும். நான் பெரிய டப்பாவில் போட்ட ஒற்றைக் கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டுகொண்டிருந்தேன். இரண்டு முறை கவிழ்ந்துவிடும் நிலைக்கு வந்து தப்பித்தேன்.

அப்போதாவது சிவப்பில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. அப்பா என்ன செய்திருப்பாரோ அதையே செய்தேன். வீட்டிலிருந்து நான்கு துண்டுகளை எடுத்துப்போய், நீளவாக்கில் சுருட்டி, இடுப்புக்கு இரண்டு பக்கமும், தொடைக்கு அடியிலும் திணித்தேன். வியாழனும் வெள்ளியும் படகு அசையாமல் ஓடியது. கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பெரிசு வாங்கினால் அடைத்துக்கொள்ளலாம், சிறிசு வாங்கினால் என்ன செய்வது என்று நண்பனிடம் வாதமும் செய்தேன். அவன் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "இது நல்லா இல்ல மாப்ள" என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை மதியம் லாரி திரும்பப் போகிறது. அன்று காலையில் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வாரேன். ரெண்டு நாளா துண்டெல்லாம் காணாமப் போகுது. எங்க போகுதுன்னு பாக்கணும்."

கண்மாய்க் கரையில் கருவேல நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீருக்குப் பக்கத்தில் வந்ததே எனக்காகத்தான். மீன் குத்தகைக்காரர் எட்டத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நண்பன் முழங்கால் தண்ணீரில் நின்று மஞ்சளைத் தள்ளிவிட்டான். அவள் பார்க்கிறாள் என்பதால் கொஞ்சம் வேகமாகவே போனேன். மடைக்குச் சற்று முன்னால் திரும்பும்போது காற்று பக்கவாட்டில் அடித்தது. படகு சாய்ந்தது. நனைந்து கனத்திருந்த துண்டு அமுங்கி வழுக்கியது, அதோடு நானும். அடுத்த கணம் தலைகீழ்.

இந்த முறை பாவாடை இல்லை, திறப்பு பெரியது. வெளியே வந்துவிடலாம் என்று ஒரு கணம் அமைதியாகவே இருந்தேன். காலை உருவினேன், வலது கால் வரவில்லை. சுருள் பிரிந்த துண்டு கணுக்காலைச் சுற்றி, மறுமுனை இருக்கைக்கு அடியில் மாட்டியிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது. அதே பச்சைக் கலங்கல், அதே பூட்டிய அறை. இந்த முறை பூட்டை நானே வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன் என்பதும் அந்த நேரத்திலேயே புரிந்தது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. எதையோ உதைத்தேன், துண்டு கிழிந்ததா கழன்றதா தெரியாது, கால் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். தண்ணீர் நெஞ்சளவுதான்.

நண்பன் பாதித் தூரம் நீந்தி வந்திருந்தான். படகை அவன் இழுத்துக்கொண்டு வர, நான் நடந்தே கரைக்கு வந்தேன். கணுக்காலில் இன்னும் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி எழுந்து தண்ணீர் ஓரத்துக்கு வந்து நின்றிருந்தாள். கத்தவில்லை. குனிந்து அந்தத் துண்டை அவிழ்த்துப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி எப்ப?"

நண்பன் வானத்தைப் பார்த்தான்.

"அண்ணே சொல்லல. நீங்களும் சொல்லல. ஆனா நாலு மாசமா நீங்க பாத்ரூம் கதவுக்குத் தாப்பா போடுறதில்ல" என்றாள். "துருப்பிடிச்சிருக்குன்னீங்க. நான் ரெண்டு தடவ எண்ணெய் விட்டேன். விரல் பட்டாலே நகருது. நீங்க தொட்டே பாக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத்தில் தெரியாது என்று நினைத்தேன், தெரிந்திருக்கும். புரட்டாசி சனிக்கிழமையைக் கரையில் உட்கார்ந்து முழுசாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். இனி தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லிவிட மாட்டாளா என்று உள்ளுக்குள் ஆசைப்படவும் செய்தேன். அவள் சொல்லி நிறுத்தினால் நான் பயந்து நிறுத்தியதாக ஆகாது அல்லவா.

"அண்ணே, அந்தச் சிவப்ப இங்கிட்டு இழுங்க" என்றாள் அவள்.

"தங்கச்சி, இப்பவேயா?"

"லாரி மத்தியானம்தான போகுது?"

புல்தரையில் சிவப்பைப் போட்டார்கள். அதோடு வந்த பாவாடையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன். இடுப்பின் இரண்டு பக்கமும் படகு வந்து தொட்டது. முழங்கால் இரண்டும் மேல்மூடிக்கு அடியில் தாமாகவே போய்ப் பதிந்தன. இடுப்பை அசைத்தால் படகு அசைந்தது. என் அளவுக்குத் தைத்த ஒன்றில் நான் உட்காருவது அநேகமாக இதுதான் முதல் முறை.

"எப்படி வெளிய வரணும்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "எத்தன வேல அது?" மூன்று என்றேன்: பட்டை, கை, கால். அவள் எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்பாடு சொல்லிக்கொடுக்கும் முகம் வந்துவிட்டது.

"கண்ண மூடுங்க. கவுந்துட்டீங்க. இப்ப என்ன?"

குனிந்தேன், பட்டையைத் தேடினேன், பக்கவாட்டில் தேடினேன்.

"தப்பு. முன்னாடி. இன்னொரு தடவ."

பத்துத் தடவை செய்யவைத்தாள். நாலாவது தடவைக்குமேல் கை தானாக முன்னால் போனது. பத்து முடிந்ததும் இன்னும் ஐந்து என்றாள். குத்தகைக்காரர் வலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார். "சார் என்ன, தரையிலேயே முழுகுறாரு?" என்று நண்பனிடம் கேட்டார்.

பிறகு அவள் சுடிதாரைக் கணுக்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஒவ்வொரு அடியாக வைத்து, இடுப்பளவில் நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாது. இதுக்கு மேல வரமாட்டேன். நீங்களும் இங்கனயே கவுந்துக்கங்க."

ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நண்பன். பாவாடையை மறுபடி விளிம்பில் மாட்டி இறுக்கினேன். திரும்பிப் போய்விடலாமா என்று மனசு கெஞ்சியது. மூச்சை இழுத்துக்கொண்டு அவள் நின்ற பக்கமாகச் சாய்ந்தேன்.

கலங்கல். பயம் அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்பது இந்த முறை தெரிந்தது. முழங்கால் மேலே பதிந்திருக்கிறது, இடுப்பு இருக்கையில் இருக்கிறது, அப்படியானால் பட்டை இதோ முன்னால். கை போனது, பட்டை வந்தது. விளிம்பில் கை ஊன்றிக் காலை உருவினேன். இவ்வளவு நெருக்கமான படகு எந்தத் தகராறும் செய்யாமல் என்னை வெளியே விட்டது. தலையை வெளியே தூக்கியபோது முதலில் பார்த்தது அவள் கை. படகின் ஓரத்தை விரல் வெளுக்கப் பிடித்திருந்தாள்.

"மூணு செகண்டு" என்றான் நண்பன். "எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"இன்னொரு தடவ" என்றாள் அவள்.

ஆறு தடவை கவிழ்ந்தேன். ஐந்தாவதில் மறுபடி பக்கவாட்டில் தடவினேன். ஒரு கணம் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து, பிறகு பட்டையைக் கண்டுபிடித்தேன். மேலே வந்து இருமினேன். அவள் படகை விடாமல் பிடித்தபடி காத்திருந்தாள், அதனால் ஆறாவதும் செய்தேன்.

மதியம் மஞ்சளைக் குட்டியானையில் ஏற்றி லாரியில் சேர்த்தோம். முகாம்காரருக்கு நண்பன் போன் போட்டு, சிவப்பை வைத்துக்கொள்கிறோம் என்றான். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "எல்லாரும் மொதல்ல பெருசத்தான் கேப்பாங்க சார். சாரு சீக்கிரமே முடிவு பண்ணிட்டாரு" என்றார். நான்கு மாதமும் பதினேழு படகும் ஓர் அட்டவணையும் அவருக்குத் தெரியாது.

சிவப்பு நண்பனின் தோட்டத்து மோட்டார் அறையில் இருக்கிறது. நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் பாவாடையை மாட்டியதும், கரையை விடுமுன் ஒரு தடவை கண்ணை மூடி, கையை முன்னால் கொண்டுபோய்ப் பட்டையைத் தொட்டுப் பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்க்கிற அதே புத்திதான்.

ஆனால் அன்றைய சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் கண்மாய்ச் சேறு, காதுக்குள் தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போனேன். மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றேன். சின்ன அறை, மேலே ஒரு ஜன்னல் சந்து. வாளியை நிரப்பினேன். குழாயை நிறுத்தினேன். பிறகு தாழ்ப்பாளைத் தொட்டேன். அவள் சொன்னது சரிதான், விரல் பட்டதுமே நகர்ந்தது. டக்கென்று போய் விழுந்தது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.